செக்கும் கடையும் கைமாறும்போது உழைத்தவர் கதி என்ன?

ஒரு குடும்பம் நாற்பது ஐம்பது ஆண்டுகள் நடத்திய தொழிலை விற்கிறது. வாங்குவது ஒரு பெரிய கம்பெனி. பத்திரிகைகளில் படம் வருகிறது. இரு தரப்பாரும் கைகுலுக்குகிறார்கள். எத்தனை கோடிக்குப் பேரம் முடிந்தது என்று கொட்டை எழுத்தில் அச்சிடுகிறார்கள். கிராமத்துச் சுவை உலகத்தை எட்டிவிட்டது என்று மெச்சுகிறார்கள்.

மிளகாய்க் காம்பு கிள்ளிக் கிள்ளி விரல் எரிந்த பெண்ணைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரி உண்டா? பணம் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று மூட்டை மூட்டையாகக் கொத்தமல்லி போட்ட விவசாயியைப் பற்றி ஒரு சொல் உண்டா? கிடையாது. பேரத்தில் அவர்களுக்கு இடமில்லை. ஆகவே செய்தியிலும் இடமில்லை.

இது எங்கோ நடக்கிற விஷயம் என்று உடுமலை வட்டாரத்து மக்கள் நினைத்துவிடக் கூடாது. நம் ஊர்களைச் சுற்றிப் பாருங்கள். எண்ணெய்ச் செக்கு, வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகை, அரிசி ஆலை, மாவு மில், மசால் பொடி அரைக்கும் கூடம், முறுக்கும் மிக்சரும் போடும் அடுப்பு, ரொட்டிக்கடை. எல்லாம் குடும்பத் தொழில்கள். இவற்றைத் தொடங்கியவர்களில் பலருக்கு இன்று அறுபது, எழுபது வயதாகிறது. பிள்ளைகள் படித்து முடித்துக் கோவையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். அடுப்படிக்கு அவர்கள் திரும்பி வரப் போவதில்லை. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இவற்றில் பல கைமாறும். அல்லது பூட்டுப் போடப்படும்.

யார் கைக்கு மாறும்? எந்த நிபந்தனையோடு மாறும்? இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நேரம் இதுதான். பத்திரம் எழுதிய பிறகு கேட்டுப் பயனில்லை.

மலைக்கு அப்பால் நடந்தது

உடுமலையிலிருந்து தெற்கே போகிற சாலை ஒன்பதாறு சோதனைச் சாவடியைத் தாண்டி, சின்னாறு, மறையூர், மூணாறு வழியாக அடிமாலிக்குப் போய்ச் சேர்கிறது. அந்த அடிமாலி என்ற மலையூரில் 1968-ல் எம். இ. மீரான் என்பவர் மளிகை மொத்த வியாபாரம் ஆரம்பித்தார். 1983-ல் மசாலாப் பொடித் தொழிலில் இறங்கினார். ‘ஈஸ்டர்ன்’ என்ற பெயர் அப்படித்தான் வளர்ந்தது. கேரளத்துச் சமையலறைகளிலும், வளைகுடா நாடுகளில் பிழைக்கப் போன மலையாளிகளின் அறைகளிலும் அந்தப் பொட்டலம் இடம் பிடித்தது.

மீரான் 2011-ல் காலமானார். அதற்கு முன்பே, 2010-ல், மக்கார்மிக் என்ற அமெரிக்க மசாலாக் கம்பெனி 26 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. 2020 செப்டம்பரில் நார்வே நாட்டின் ஓர்க்லா கம்பெனி களத்துக்கு வந்தது. அமெரிக்கக் கம்பெனியின் பங்கையும், குடும்பத்தின் பங்கில் பெரும் பகுதியையும் சேர்த்து ஏறத்தாழ 68 சதவீதத்தை வாங்க ஒப்பந்தம் ஆயிற்று. மொத்தத் தொழிலின் மதிப்பு சுமார் ரூ. 2,000 கோடி என்று கணக்கிட்டார்கள். 2021-ல் பேரம் முடிந்தது.

யார் இந்த ஓர்க்லா? 1654-ல் நார்வே மலைகளில் சுரங்கம் வெட்டத் தொடங்கிய தொழிலின் வாரிசு. இதே கம்பெனிதான் 2007-ல் பெங்களூர் எம்.டி.ஆர். உணவுத் தொழிலை வாங்கியது. 1924-ல் ஒரு குடும்பம் இட்லியும் காப்பியும் போட்டு வளர்த்த பெயர் அது. ஓட்டல் குடும்பத்திடமே நின்றது. பொடியும் பொட்டலமும் நார்வேக்குப் போயின. பிறகு ஈஸ்டர்னும் எம்.டி.ஆரும் ஒரே கம்பெனிக்குள் வந்தன.

2025 அக்டோபர் கடைசியில் அந்தக் கம்பெனியின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. ஏறத்தாழ ரூ. 1,667 கோடி திரண்டது. அந்தப் பணத்தில் ஒரு புது எந்திரம் வாங்கப்பட்டதா? ஒரு கூடம் கட்டப்பட்டதா? இல்லை. அது முழுக்க முழுக்கப் பழைய பங்குதாரர்கள் தங்கள் பங்கை விற்ற வியாபாரம். கம்பெனியின் பெட்டிக்குள் புதுப் பணமாக ஒரு ரூபாய்கூட விழவில்லை.

இதில் சட்ட விரோதம் எதுவும் இல்லை. அந்தக் குடும்பத்தின் மீது பழி சொல்வதும் நமது நோக்கமல்ல. தங்கள் சொத்தை விற்றார்கள், விலை வாங்கினார்கள். முதலாளித்துவ முறையில் இதுதான் ஒழுங்கு. நாம் கேட்பது அந்த ஒழுங்கைப் பற்றித்தான். அடிமாலியில் ஆரம்பித்த அடுப்பின் பலன் ஆஸ்லோ நகரம் வரை போகிறது. அதே அடுப்பருகே நின்றவர்களுக்கு அந்தப் பலனில் பாத்தியதை உண்டா, இல்லையா?

விற்கப்படுவது எது?

இரண்டாயிரம் கோடி என்றால் அரைக்கும் எந்திரத்துக்கும் தகரக் கொட்டகைக்குமா இந்த விலை? அவற்றின் விலை இதில் ஒரு சிறு பகுதி. மற்றதெல்லாம் பெயருக்கு. மக்கள் அந்தப் பெயர் மீது வைத்த நம்பிக்கைக்கு.

அந்த நம்பிக்கையைச் செய்தது யார்? முதலாளியின் முயற்சிக்கு அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நேற்றைய பொட்டலமும் இன்றைய பொட்டலமும் ஒரே மணம் வீச வேண்டும் என்றால், மல்லி எந்தப் பதத்தில் வறுபட்டது என்று வாசனையிலேயே அறிகிற ஒரு தொழிலாளி வேண்டும். வெல்லம் உடையாமல், கசியாமல் வர வேண்டும் என்றால், பாகைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்க்கத் தெரிந்த ஒருவர் கொப்பரையருகே வெந்துகொண்டு நிற்க வேண்டும். நல்ல கொப்பரைத் தேங்காயைப் பிரித்துப் போடும் பெண்ணின் கண் தப்பினால் எண்ணெய் காறிப் போகும். இந்தக் கண்ணும் மூக்கும் கைப்பதமும் சேர்ந்துதான் பெயராயிற்று. பொட்டலத்தின் மீது ஒரு குடும்பத்தின் பெயர் இருக்கிறது. உள்ளே இருப்பது பல குடும்பங்களின் உழைப்பு.

1999-ம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி, ஒரு பெயரைத் தொழிலோடு சேர்த்தும் விற்கலாம். தொழிலை விட்டுப் பிரித்துப் பெயரை மட்டும் தனியாகவும் விற்கலாம். இதன் பொருள் என்ன? பெயர் ஊரை விட்டுப் போய்விடலாம். அடுப்பும் ஆட்களும் ஊரிலேயே அனாதையாக நிற்கலாம். எங்கோ ஒரு தொழிற்சாலையில் அரைத்த பொடி, நம் ஊர்ப் பெயரைத் தாங்கி, நம் ஊர்க் கடைக்கே விற்பனைக்கு வரலாம்.

பெயர் என்றால் அது விற்கத்தானே செய்யும் என்று சிலர் சொல்லலாம். அதே 1999-ல் நிறைவேறிய இன்னொரு சட்டத்தைப் பாருங்கள். அதுதான் புவிசார் குறியீட்டுச் சட்டம். ஒரு ஊரின், ஒரு வட்டாரத்தின் பெயரால் அறியப்பட்ட பண்டத்துக்கு அந்த வட்டாரத்தாரே உரிமையாளர் என்று அது பதிவு செய்கிறது. மறையூர் வெல்லத்துக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் 2019-ல் அந்தக் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் கிடைத்தது. இந்த உரிமையை யாரும் விற்க முடியாது. அடமானம் வைக்க முடியாது. இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது. சட்டமே அப்படித் தடுக்கிறது.

ஆக, பலர் சேர்ந்து உண்டாக்கிய பெயர் ஒருவர் பையில் அடங்கும் சரக்கல்ல என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஊருக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தை உழைப்பாளிக்கும் ஒப்புக்கொள் என்பதே நமது வாதம்.

சிறு முதலாளி ஏன் விற்கிறார்?

அவரையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். கிராமத்துச் செக்குக்காரரும் முறுக்குக் கடைக்காரரும் டாட்டா பிர்லா அல்ல. விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டுகிறவர் அவர். மனைவியும் கூட நின்று பொட்டலம் கட்டுகிறார். மிளகாய் விலையும் தேங்காய் விலையும் ஏறி இறங்கும்போது அவர் முதல் கரைகிறது. பெரிய கம்பெனி கடைக்காரருக்குக் கூடுதல் கழிவு கொடுக்கிறது, இவரால் முடியவில்லை. பெரிய அங்காடிகளின் அலமாரியில் இவர் சரக்குக்கு இடமில்லை. கடையில் போட்ட சரக்குக்குப் பணம் வர மாதக்கணக்கில் ஆகிறது. வங்கியோ நிலப் பத்திரம் கேட்கிறது.

ஆள் பிரச்னையும் உண்டு. காலை ஆறு மணிக்கு உடுமலைச் சுற்றுப்புறக் கிராமங்களில் திருப்பூர் பனியன் கம்பெனி வண்டிகள் வந்து நிற்கின்றன. அடுப்பருகே வேகிற கூலியைவிட அங்கே கொஞ்சம் கூடுதல் கிடைக்கிறது. வாலிபர்களும் பெண்களும் ஏறிப் போகிறார்கள். கூலியை உயர்த்தினால் கட்டுப்படியாகவில்லை என்கிறார் சிறு முதலாளி. உயர்த்தாவிட்டால் ஆள் இல்லை. இப்படி இரு பக்கமும் நெருக்கப்பட்டு, கடைசியில் வந்த விலைக்குக் கொடுத்துவிடத் துணிகிறார். பெருமுதலாளித்துவம் தொழிலாளியை மட்டும் நசுக்கவில்லை; இவரையும் நசுக்குகிறது. ஆகவே அவர் நமது எதிரி அல்ல.

ஆனால் ஒன்றை அவரிடம் சொல்லியாக வேண்டும். ‘நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி’ என்று அவர் தொழிலாளர்களிடம் சொல்லி வந்தார். குடும்பம் என்பதால் வேலை உத்தரவு கொடுக்கவில்லை. குடும்பம் என்பதால் வருகைப் பதிவேடு வைக்கவில்லை. குடும்பம் என்பதால் வைப்புநிதி பிடிக்கவில்லை. தீபாவளிக்குத் துணியும் பலகாரமும் கொடுத்தார், கல்யாணத்துக்கு மொய் வைத்தார், அதெல்லாம் உண்மை. ஆனால் தொழிலை விற்கிற அன்று, குடும்பம் என்றால் வாரிசுச் சான்றிதழில் பெயர் உள்ளவர்கள் மட்டும்தான் என்று ஆகிவிடுகிறது. மற்றவர்கள் கூலிக்காரர்கள்.

எங்கள் சங்கத்துக்கு வந்த ஒரு விவகாரத்தைச் சொல்கிறேன். நம் வட்டாரத்தில் பொடி அரைக்கும் கூடம் ஒன்று கைமாறியது. பதினைந்து பேருக்கு மேல் வேலை செய்த இடம். அதில் ஒரு அம்மாள் 19 ஆண்டு வேலை செய்தவர். புது நிர்வாகம் அவரிடம் கேட்டது: “நீங்கள் இங்கே எப்போது சேர்ந்தீர்கள்? அதற்குக் காகிதம் என்ன இருக்கிறது?” காகிதம் எதுவும் இல்லை. புதிதாகச் சேர்ந்த ஆளாக எழுதிக்கொண்டார்கள். 19 ஆண்டு உழைப்பு ஒரே நாளில் பூஜ்யம் ஆயிற்று.

பணக் கணக்கில் இது எவ்வளவு? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஐந்து ஆண்டு பூர்த்தி செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து நாள் சம்பளம் கணக்கிட வேண்டும். மாதம் ரூ. 10,000 என்று வைத்துக்கொண்டால் 19 ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 1,09,600 வருகிறது. ஒரு கூலிக் குடும்பத்துக்கு இது மகளின் கல்யாணம். அல்லது கூரைக்குப் பதில் ஓடு. அந்தத் தொகையை யாரும் திருடியதாகப் போலீசில் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் அது காணாமற் போய்விட்டது.

விற்காமலே கைமாறும் தொழில்

பத்திரமே எழுதாமல் தொழில் கைமாறுகிற விதமும் உண்டு. அதற்கு நம் உடுமலையே உதாரணம். 1980-களில் இங்கே சவுந்தரராஜன் சகோதரர்கள் சிறிய அளவில் தொடங்கிய சுகுணா நிறுவனம், பின்னர் விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டுக் கறிக்கோழி வளர்க்கும் முறையை நாடெங்கும் பரப்பியது. இன்று பல கம்பெனிகள் இதே முறையில் இயங்குகின்றன. உடுமலை, பல்லடம் வட்டாரங்களில் தென்னந்தோப்புக்கு நடுவே நீளமான கோழிக் கொட்டகைகளைப் பார்க்காமல் நடக்க முடியாது.

முறை என்ன? குஞ்சு கம்பெனியுடையது. தீவனம் கம்பெனியுடையது. மருந்து கம்பெனியுடையது. ஏறத்தாழ நாற்பது நாளில் வளர்ந்த கோழியும் கம்பெனியுடையதே. விவசாயியுடையது எது? நிலமும் கொட்டகையும், அந்தக் கொட்டகைக்காக வாங்கிய கடனும், மின் கட்டணமும், தண்ணீரும், இரவு பகல் கண்விழிப்பும். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி தருகிறார்கள்.

இந்த முறையில் விவசாயிக்கு ஒரு நன்மையும் உண்டு. சந்தையில் கோழி விலை சரிந்தால் அந்த நஷ்டம் நேரடியாக அவர் தலையில் விழுவதில்லை. சிறு பண்ணைக்காரர்கள் பலர் இதை ஏற்றுக்கொண்டதற்கு அதுவே காரணம். ஆனால் இதன் விலை என்ன? வீட்டு வாசலில் பலகையில் பண்ணையின் பெயர் அவருடையது. உள்ளே அவர் கூலிக்காரர். அதுவும் கொட்டகையைத் தானே கட்டிக்கொண்டு வந்த கூலிக்காரர். அடுத்த தொகுதிக் குஞ்சு எப்போது வரும் என்பதும், கூலி எவ்வளவு என்பதும் அவர் கையில் இல்லை. வளர்ப்புக் கூலியை உயர்த்தக் கோரி அவர்கள் மீண்டும் மீண்டும் தெருவுக்கு வர வேண்டியிருக்கிறது.

2019-ல் தமிழ்நாடு ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனிச் சட்டம் கொண்டு வந்தது. ஒப்பந்தத்தைக் காட்டி விவசாயியின் நிலத்தை எழுதி வாங்கக் கூடாது என்ற பாதுகாப்பு அதில் இருக்கிறது. நல்லது. ஆனால் நிலம் எழுதி வாங்கப்படாமலே தொழில் கைமாறிவிட்டதே! தொழிலின் உயிர் பத்திரத்தில் இல்லை. எதை, எந்த விலைக்கு, யாருக்கு என்று தீர்மானிக்கிற அதிகாரத்தில் இருக்கிறது. கடையோ செக்கோ கைமாறுகிற போதும் நாம் இதைத்தான் கவனிக்க வேண்டும்.

சட்டம் எதுவரை வருகிறது?

சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு நிறுவனம் கைமாறினால், ஓராண்டுக்குக் குறையாமல் வேலை செய்த தொழிலாளிக்கு ஆட்குறைப்பு நேர்ந்தது போல் நோட்டீசும் நஷ்டஈடும் தர வேண்டும். அல்லது சர்வீஸ் அறுபடாமல், பழைய நிபந்தனைகள் குறையாமல், பழைய சர்வீசுக்கான பொறுப்பையும் ஏற்றுப் புது முதலாளி வேலை கொடுக்க வேண்டும். 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் இந்தப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டிருந்தது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பை மீறி 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது.

ஆனால் ஓட்டைகளைப் பாருங்கள். முதலாவது, சர்வீசுக்குச் சான்று வேண்டும். பதிவேடே இல்லாத இடத்தில் இந்தப் பாதுகாப்பு காகிதத்தில் இனிக்கும் சர்க்கரை. இரண்டாவது, பெரிய பேரங்கள் பங்கு விற்பனையாக நடக்கின்றன. கம்பெனி அதே கம்பெனி. அதன் பங்குகள் மட்டும் வேறு கைக்குப் போகின்றன. சட்டத்தின் கண்ணில் முதலாளி மாறவே இல்லை. மூன்றாவது, சரக்குப் போட்ட விவசாயியையும், வீட்டில் அப்பளம் இட்டுக் கொடுக்கும் பெண்ணையும் இந்த ஏற்பாடு எட்டிப் பார்ப்பதே இல்லை. நான்காவது, எல்லாவற்றையும் விட முக்கியமானது: நஷ்டஈடு வாங்கிக்கொண்டு போ என்று சொல்கிற சட்டம், நீயே எடுத்து நடத்து என்று சொல்வதில்லை.

தொழிலாளி நடத்த முடியுமா?

முதலாளித்துவப் பத்திரிகைகள் இந்த இடத்தில் சிரிக்கும். கூலிக்காரனுக்குக் கணக்குத் தெரியுமா, கொள்முதல் தெரியுமா என்று கேட்கும். சரித்திரம் பதில் சொல்லட்டும்.

காப்பி போர்டு நடத்தி வந்த காப்பி ஹவுஸ்களை 1950-களில் மூட முடிவு செய்தார்கள். பரிமாறியவர்களும் சமைத்தவர்களும் தெருவில் நின்றார்கள். தோழர் ஏ. கே. கோபாலன் அவர்களுக்கு யோசனை சொன்னார்: நீங்களே சங்கம் வைத்து எடுத்து நடத்துங்கள். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அதே ஆண்டு அக்டோபர் 27-ல் டெல்லியில் இந்தியன் காப்பி ஹவுஸ் திறந்தது. 1958 மார்ச்சில் திருச்சூரில் திறந்தது. இன்றும் அவை நடக்கின்றன. அது குடும்பத் தொழில் அல்ல, போர்டு நடத்தியது என்பது சரி. ஆனால் காப்பி போடுகிறவன் கல்லாவிலும் உட்கார முடியும் என்பதை அது நிரூபித்துவிட்டது.

கண்ணூரில் நடந்தது இன்னும் கடினமானது. பீடித் தொழிலாளர் சட்டத்தை அமல் நடத்தியதும் மங்களூர் முதலாளிகள் கடையை மூடிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டாயிரம் பேர் அளவில் வேலை இழந்தார்கள். 1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடி கூட்டுறவு பிறந்தது. பிறகு பீடிக்கு மவுசு குறைந்தது. தொழிலாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. உணவுப் பண்டங்களுக்கு மாறினார்கள். தேங்காய்ப் பாலும் கறிப்பொடியும் தினேஷ் பெயரில் வந்தன. மலையாள நாட்டில் ஒரு கறிப்பொடி நார்வேக்குப் போயிற்று; இன்னொரு கறிப்பொடி பீடி சுற்றிய கைகளிலிருந்து பிறந்தது. இரண்டு பாதைகளும் நம் கண் முன்னால் இருக்கின்றன.

பம்பாயில் 1959 மார்ச்சில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மாடியில் அப்பளம் இட்டார்கள். அதுவே லிஜ்ஜத். அப்பளம் இடுகிற பெண்களே அதன் உடைமையாளர்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பெயர் எந்த வெளிக் கம்பெனிக்கும் விலை போகவில்லை.

கூட்டுறவு எல்லாம் உருப்பட்டதா, நம் அமராவதி ஆலையைப் பாரும் என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. கிருஷ்ணாபுரத்தில் உள்ள அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலை, தமிழ்நாட்டின் முதல் கூட்டுறவு சர்க்கரை ஆலை என்று பெயர் வாங்கியது. ஆயிரக்கணக்கான கரும்பு விவசாயிகளை வாழவைத்தது. அண்மை ஆண்டுகளில் எந்திரங்கள் தேய்ந்து அரவை தடைப்பட்டது. புதுப்பிக்க நிதி கேட்டு விவசாயிகள் போராடினார்கள். ஆனால் அங்கே தவறியது எது? எந்திரம் வாங்கும் முடிவு அங்கத்தினர் கையில் இருந்ததா? நிர்வாகம் அவர்கள் கையில் இருந்ததா? அதிகாரிகள் கையில் இருந்தது. கோட்டையின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பெயரில் கூட்டுறவு, நடப்பில் இலாகா. ஆகவே இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் கூட்டுறவு வேண்டாம் என்பதல்ல. அங்கத்தினர் கையில் அதிகாரம் இல்லாத கூட்டுறவு நிற்காது என்பதுதான். எந்திரம் தேயும்போதே புதுப்பிக்க நிதி ஒதுக்காத கூட்டுறவும் நிற்காது.

செய்ய வேண்டியது

இத்தாலியில் 1985-ல் மார்க்கோரா சட்டம் என்று ஒன்று கொண்டு வந்தார்கள். தொழில் மூடப்படும்போது தொழிலாளர்கள் தங்களுக்கு வரவேண்டிய வேலையின்மை உதவித்தொகையை மொத்தமாகப் பெற்று மூலதனமாகப் போட்டு, கூட்டுறவாகத் தொழிலை எடுத்து நடத்தலாம். சர்க்கார் நிதியும் கூடச் சேரும். இத்தாலி சோஷலிச நாடு அல்ல. அங்கேயே இது முடிந்தது என்றால் இங்கே ஏன் முடியாது?

நாம் நான்கு கோரிக்கைகளை முன்வைக்க வேண்டும்.

ஒன்று, உணவுத் தொழில் எதையும் விற்பதற்கு முன் தொழிலாளருக்கும், தொடர்ந்து சரக்குப் போடும் விவசாயிகளுக்கும் குறைந்தது 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். வெளியார் கொடுக்கும் அதே விலையை அவர்கள் சங்கமாகச் சேர்ந்து கொடுக்க முன்வந்தால் அவர்களுக்கே முதல் உரிமை.

இரண்டு, சொத்து விற்பனையானாலும் பங்கு விற்பனையானாலும், ஒவ்வொரு தொழிலாளியின் சர்வீஸ் ஆண்டும், பாக்கித் தொகையும், விவசாயிக்குத் தரவேண்டிய நிலுவையும் ஒப்பந்தத்தில் அட்டவணையாக இணைக்கப்பட வேண்டும்.

மூன்று, இத்தகைய சங்கங்களுக்கு நிலப் பத்திரம் கேட்காமல் கூட்டுறவு வங்கி கடன் கொடுக்க வேண்டும். விலையைப் பழைய முதலாளிக்குத் தவணையில் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். இது அவருக்கும் நஷ்டமில்லை. மாதாமாதம் வருமானம், வளர்த்த பெயர் ஊரிலேயே நிற்கும். இரண்டு மூன்று ஆண்டு கூட இருந்து, பக்குவத்தையும் கொள்முதல் நெளிவு சுளிவையும் அவர் சொல்லிக் கொடுக்கலாம்.

நான்கு, இந்தச் சங்கங்களில் நிர்வாகம் அங்கத்தினர் தேர்தலில் வர வேண்டும். அதிகாரி நியமனத்தில் அல்ல.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 25 பேர் சேர்ந்தால் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யலாம். 10 விவசாயிகள் சேர்ந்தால் உற்பத்தியாளர் கம்பெனி அமைக்கலாம். ஆனால் அதற்கும் முந்திய வேலை ஒன்று இருக்கிறது. நமது தோழர்கள் ஒவ்வொரு செக்குக்கும் கூடத்துக்கும் போய், யார் எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார், என்ன கூலி வாங்குகிறார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். முதலாளியிடமும் பக்குவமாகப் பேசி அதில் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் நல்ல மனதோடு இருக்கும்போதே வாங்க வேண்டும். விற்பனைப் பேச்சு ஆரம்பித்த பிறகு எந்த முதலாளியும் கையெழுத்துப் போட மாட்டார்.

இது சிறிய வேலை போலத் தோன்றும். 19 ஆண்டு உழைத்த அந்த அம்மாளுக்கு இல்லாமற் போனது அந்த ஒரு பக்கக் காகிதம்தான்.

கோவை வட்டாரத்தில் பஞ்சாலைகள் விற்கப்பட்டபோது நமக்கு இது தெரிந்தது. ஆலை நின்ற இடத்தில் மனைக் கற்கள் நட்ட பிறகு தொழிலாளி பாக்கிக்காக நீதிமன்றப் படி ஏறினான். செக்குக்கும் அடுப்புக்கும் அதே கதி வர விடக் கூடாது. சிறு தொழில்கள் கைமாறத்தான் போகின்றன. அவற்றை ஓட்டியவர்கள் கைக்கு அவை மாறட்டும். அதற்கான அமைப்பை இன்றே, அந்தந்த ஊரிலேயே, கட்டத் தொடங்குவோம்.